அரைப்பேர்

லண்டன் சந்தை திறப்பதும்
எங்கள் பகல் நிறுவையும் ஒரே நேரம்.
பன்னிரண்டரை.
ஆறாம் நம்பர் மலையிலிருந்து
கொழுந்துச் சாக்குகள் இறங்கும்போது
அங்கே யாரோ ஒருவன்
கோப்பியோடு வந்து கணினியைத் திறக்கிறான்.
(தேத்தண்ணி குடிக்கலாம். குடிப்பதில்லையாம்.)

மஸ்கெலியாவுக்கு மேலே
தகரக் கூரை மடுவத்தில் நான்.
சம்பளத்துக்குத் தராசு,
மிச்சத்துக்குப் போன்.

கிழக்குத் தூணில் சாய்ந்தால்தான்
சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
தராசையே தூணடிக்கு நகர்த்தினேன்.
ஏன் என்றார் தொரை.
"ஒழுகுது சார்" என்றேன்.
அதில் பொய்யில்லை.

மூன்று மாதம் டெமோ.
டெமோவில் நான் கோடீஸ்வரன்.
பிறகு கோகிலவாணியின் சங்கிலி
ஹட்டனுக்கு அடகு போனது.
"பவுனை வச்சுப் பவுண் வாங்குறாரு"
என்று சொல்லிச் சிரித்தாளாம்.
சிரித்ததாக அவள் தங்கைதான் சொன்னாள்.
நான் பார்க்கவில்லை.

இரவு இரண்டரைக்கு நியூயோர்க் மூடும்.
ஐந்தரைக்குப் பிரட்டு.
இடையில் உள்ளதற்குப் பெயர் தூக்கம்.
கனவிலும் மெழுகுதிரிகள்,
பச்சை, சிவப்பு, சிவப்பு.

எங்கள் கணக்கு எளிது.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
அரை நாள் சம்பளம் என்றுதான் பொருள்.
முகத்துக்கு நேரே சொல்லும்போது
வேறு மாதிரிக் கேட்கும்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
வெட்டிவிட்டுத்தான் எழுதுவேன்.
பங்குனி வெயிலிலும்
எங்கள் ஏட்டில் ஈரம் உண்டு.

போனிலும் அப்படித்தான்.
வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று,
நுழைந்த உடனேயே
நடுவில் உள்ளதை வெட்டிக்கொள்வார்கள்.
முதல் தரம் பார்த்தபோது
எனக்கு விளங்கப்படுத்த
ஆள் தேவைப்படவில்லை.

அந்த வியாழன்
இங்கிலாந்தில் வட்டி அறிவிக்கும் நாள்.
எங்களுக்கு நாலரை. அந்தி நிறுவை.
மழை தகரத்தைப் பிய்த்தெறிகிறது.
பகலிலேயே பவுண் வாங்கியிருந்தேன்,
ஸ்டாப் லாஸையும் எடுத்துவிட்டிருந்தேன்,
கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று.

செவனம்மா இருபத்துமூன்று. வெட்டினேன்.
பொன்னுத்தாயி இருபது. வெட்டினேன்.
சட்டைப்பைக்குள் போன் துடித்தது.
ரஞ்சிதமலர்
பகலும் அந்தியும் சேர்த்துப் பத்தொன்பதரை.
பத்தொன்பதரை என்றே எழுதினேன்.

அவள் நகரவில்லை.
நனைந்த படங்குச் சேலையோடு நின்று
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ரெண்டு கிலோ வெட்டலியே ஐயா."
பின்னால் வரிசை
சட்டென்று வாயடைத்துப்போனது.
ஒருத்தி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"இன்னைக்கு ஈரம் இல்ல" என்றேன்.

கூரையிலிருந்து ஒரு தாரை
நேராக என் ஏட்டில் விழுந்தது.
யார் முதலில் சிரித்தார்கள் தெரியாது.
மடுவமே சிரித்தது.
நானும் சிரித்தேன்,
இடது தொடையில் பவுண்
விழுந்துகொண்டிருந்தது.

அவளோடு சேர்த்து இருபத்துமூன்று பேர்
வெட்டுப்படாமல் போனார்கள்.
தயாளம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
கை நடுங்கியது.
கழித்தல் மறந்துபோனது.

இரவு பார்த்தேன்.
கணக்கு தானாகவே மூடியிருந்தது,
போட்டதில் சரிபாதி.
கோகிலவாணி பார்த்துவிட்டு
சோற்றுச் சட்டியை மூடினாள்.
"அரைப்பேரா?" என்றாள்.
இந்த முறை சிரித்ததை நான் பார்த்தேன்.
பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஃபெக்டரியில் நாற்பத்தாறு கிலோ குறைந்ததாம்.
எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.
தராசு பழுது என்று எழுதிக் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமை தராசைக்
கழற்றிப் பார்க்க ஆள் வந்தான்.
ஒரு பழுதுமில்லை என்று
கையெழுத்து வாங்கிப் போனான்.

திங்கள். பன்னிரண்டரை.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
வெட்டுகிறேன், நல்ல வெயிலில்.
கை தானாகவே சட்டைப்பைக்குப் போகிறது.
நான் போனில் பார்ப்பதெல்லாம்
மழையைப் பற்றித்தான் என்பது
இவர்கள் நெடுநாளாய் நம்பும் கதை.

ரஞ்சிதமலர் சாக்கை உதறி மடித்தபடி
ஏட்டைப் பார்க்காமல்
என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:
"எப்படிங்க ஐயா, மழை விடுமா?"

"விடுற மாதிரித் தெரியல" என்றேன்.